எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரேயும் சரி. கை மட்டும் ஏன் இன்னும் எரிகிறது?

மணிக்கட்டு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது, கை வீங்கி எரிகிறது, விரல் மடங்கவில்லை என்கிறீர்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது சி.ஆர்.பி.எஸ்., அதாவது காயம் ஆறிய பிறகும் வலி அடங்காமல் நீடிக்கும் ஒரு நோய். பழைய சீட்டுகளில் ஆர்.எஸ்.டி., சூடெக் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள்.

இதை உறுதிசெய்யும் ஸ்கேன் கிடையாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதால் நோயில்லை என்றாகாது. அதை வைத்து 'எல்லாம் மனப்பிரமை' என்று அனுப்பிவிடுவது பெரிய அநியாயம். கையைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கு புடாபெஸ்ட் அளவுகோல் இருக்கிறது. காயத்துக்குப் பொருந்தாத வலி நீடிக்க வேண்டும். பிறகு நான்கு வகை: ஒன்று, சட்டை உரசினாலே வலிப்பது; இரண்டு, நிறமோ சூடோ மாறுவது; மூன்று, வீக்கம் அல்லது வியர்வை மாற்றம்; நான்கு, அசைவு குறைவது, நடுக்கம், அல்லது முடி, நகம், தோல் மாறுவது. நீங்கள் சொல்வதில் மூன்று வகையாவது வர வேண்டும். பரிசோதிக்கும் நேரத்தில் மருத்துவர் இரண்டு வகையையாவது நேரில் காண வேண்டும்.

தவறுவது இந்த இடத்தில்தான். சிவப்பும் வீக்கமும் வந்து வந்து போகும். நீங்கள் போகும் நாளில் கை சாதாரணமாக இருக்கலாம். அதனால் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வெளிச்சத்தில், தேதியோடு படம் எடுத்து வையுங்கள். படம் பரிசோதனைக்கு ஈடாகாது, ஆனால் மறுபடி பார்க்க வைக்கும். சூடு பார்க்குமுன் கிரேப் பேண்டேஜைக் கழற்றி, இரு கையும் கால் மணி நேரம் திறந்திருக்கட்டும். வித்தியாசம் 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் கணக்கில் வரும். வலிக்கிற கையை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது.

இணையத்தைப் பார்த்து நோய்ப் பெயர் சூட்டுகிறேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வேறு காரணம் இல்லை என்று பார்த்த பிறகே இந்தப் பெயர் என்பதும் அதே அளவுகோலின் நிபந்தனைதான். காய்ச்சலோ சீழோ இருந்தால் தொற்று. கை முழுக்க நீலம் பாரித்து வீங்கினால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்). கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் மரத்துப்போனால் கார்ப்பல் டனல், அதாவது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது. அதற்கு நரம்புக் கடத்தல் பரிசோதனை. அங்கே நரம்பு நசுங்கியிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம், விட்டுவிடக் கூடாது. நகத்தடியில் ஒரே புள்ளியில் குத்தினால், குளிர் பட்டால் துடித்தால், அது குளோமஸ் கட்டியாக இருக்கலாம்.

முடிவு தெரியும்வரை கையைத் தூளியில் தொங்கவிட்டு வைக்காதீர்கள், ஐஸும் வேண்டாம். தாங்கும் அளவுக்கு விரல்களை மடக்கி நீட்டுங்கள், ஒரு நாளில் பல தடவை.