தேரும் நடனமும் ஒரே பின்னேரத்தில் வந்தால்

தங்கச்சி, இந்த வார இறுதியில் இரண்டு பிள்ளைகளின் வேலைகளையும் கோயில் தேரையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சனிக்கிழமை பெரிய பாடில்லை. காலையில் மகளுக்கு ஹட்டனில் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பு, மத்தியானம் மகனுக்கு நுவரெலியாவில் கிரிக்கெட். கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக ஒரே பாதைதான், பஸ்ஸில் போய்விடலாம். ரயில் வேண்டாம். நானுஓயாவில் இறக்கிவிடும், அங்கிருந்து டவுனுக்கு இன்னொரு பஸ் பிடிக்கணும்.

ஞாயிறுதான் சிக்கல். காலையில் அறநெறி (சமய) வகுப்பு, பின்னேரம் தேயிலைத் தோட்டத்துக் கோயில் தேர், அதே நேரம் தலவாக்கலையில் மகளின் நடனம். அறநெறியை அன்றைக்கு விட்டுவிடுங்கள். அந்த டீச்சரும் தேர் வேலையில்தான் நிற்பார்!

நடனத்தில் மகளின் முறை எத்தனையாவது என்று இன்றைக்கே கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் முன்னுக்குப் போட்டுத் தருவார்கள். தேர் லயம் லயமாக, ஒவ்வொரு வரிசை வீடுகளிலும் நின்று அர்ச்சனை வாங்கித்தானே வரும்? உங்கள் வாசலுக்கு எத்தனை மணிக்கு என்று கோயில் கமிட்டியில் விசாரியுங்கள். நீங்கள் வரப் பிந்திவிட்டாலும் பூசைத் தட்டை மாமியாரும் மகனும் பார்த்துக்கொள்வார்கள்.

சித்திரை மாதம், பின்னேர மழை நிச்சயம் என்றே வையுங்கள். ஒப்பனையை மண்டபத்தில் போய்ப் போடுங்கள், இல்லாவிட்டால் கண் மை கன்னத்துக்கு வந்துவிடும். சலங்கை தனிப் பையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் போதும், ஆறினாலும் சாப்பிடலாம்.

அப்புறம், திரும்பி வர ஆட்டோவை சனிக்கிழமையே பேசி வையுங்கள். தேர் அன்றைக்குத் தோட்டத்து ஆட்டோக்காரர் ஒருவரும் கையில் அகப்படமாட்டார்.