நம்பரைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டு நல்ல மனிதன் என்றால் யார் நம்புவது?

கேள்வி: நான் ஒட்டுசுட்டான் பக்கம் விவசாயம் செய்பவன். வருமானம் போதாததால் பழுதான செயின் சோ (மரம் அறுக்கும்) மெசின்களை வாங்கி, திருத்தி விற்கிறேன். தை மாதம் ஒருவர் சிலிண்டர் பிடித்துப்போன (பிஸ்டன் இறுகி ஓடாத) ஒரு ஸ்டீல் (Stihl) கம்பனி மெசினைக் கொண்டுவந்தார். 22,000 ரூபாவுக்கு வாங்கினேன். பிஸ்டன், செயின், பார் (செயின் சுற்றி ஓடும் தகடு) எல்லாம் புதிது போட்டு நெடுங்கேணியில் ஒருவருக்கு 68,000 ரூபாவுக்கு விற்றேன். இப்போது அது மார்கழியில் களவு போன மெசின் என்று பொலிஸார் எடுத்துப்போய்விட்டார்கள். வாங்கியவர் காசைக் கேட்டு வீட்டு வாசலில் நின்று சத்தம் போடுகிறார், முகநூலில் என்னைக் கள்ளன் என்று எழுதுகிறார். பக்கத்துக் கராச்காரன்தான் பொறாமையில் பொலிஸுக்குச் சொன்னவன். என்னிடம் விற்றவரின் தொலைபேசி இப்போது வேலை செய்யவில்லை. மெசினின் தொடர் நம்பர் இருந்த இடம் துருப்பிடித்திருந்ததால் கிரைண்டர் பிடித்துப் பெயின்ட் அடித்திருந்தேன், அதையும் பெரிதுபடுத்துகிறார்கள். வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். என் உழைப்புக்கு நட்டஈடு கிடைக்குமா? முகநூலில் எழுதியவர் மேல் மானநட்ட வழக்குப் போடலாமா?

பதில்: பொறாமைக்கார அயலவர், முகநூல், வாசலில் நின்ற சத்தம் எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையான வரி ஒன்றுதான். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: நம்பரைக் கிரைண்டர் பிடித்தீர்கள்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவு, களவுப் பொருளை அது களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்று வாங்கி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. மூன்று வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் அரைவாசிக்குத்தான் பதில் சொன்னதாகும். நம்பக் காரணம் இருந்ததா என்பதுதான் மற்றப் பாதி. அதோடு சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, களவு நடந்து அதிக காலம் போகாமல் பொருள் ஒருவரின் கையில் இருந்தால், அவர் விளக்கம் தராதவரை அவரே கள்ளன் அல்லது தெரிந்து வாங்கியவர் என்று ஊகிக்க நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. மார்கழியில் களவு, தையில் உங்கள் கையில். விளக்கம் நீங்கள்தான் தரவேண்டும்.

பெரிய மெசின்களின் உடல் மக்னீசியம் வார்ப்பு. இரும்பைப் போல அது செந்துரு பிடிக்காது. திருத்துகிற உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ‘துருப்பிடித்திருந்தது’ என்று வாக்குமூலத்தில் எழுதிவிட்டால், எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் பிடிக்கும் முதல் கயிறு அதுதான். வெள்ளையாகப் பொரிந்திருந்ததா, எண்ணெயும் மரத்தூளும் அப்பியிருந்ததா, பெயின்ட் அடிக்கத் தோதாக முழுவதையும் ஒரே தேய்ப்பில் தேய்த்தீர்களா? உண்மையில் நடந்தது எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள். உங்களுக்குப் பாதகமாகத் தோன்றினாலும் பரவாயில்லை. தேய்த்த இலக்கத்தை அமிலம் தடவி மீட்டெடுப்பது வாகன வழக்குகளில் வழமையாக நடப்பதுதான், இதிலும் நடக்கலாம்.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வடக்கில் தமிழும் நிர்வாக மொழி, கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதிவிட்டு ‘எல்லாம் சரி, ஒப்பமிடு’ என்றால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். முடிந்தால் சட்டத்தரணி ஒருவருடன் போங்கள்.

இனி நான் பயப்படுகிற இடம். இப்படியான வழக்குகளில் சிக்கியவர்கள் பலர் களவால் அல்ல, களவுக்குப் பிறகு செய்த வேலையால்தான் உள்ளே போனார்கள். முதலாவது, பழைய திகதியிட்ட துண்டு. வாங்கும்போது எதுவும் எழுதி வாங்காதவர், இப்போது யாரோ தெரிந்தவரிடம் ‘நான்தான் விற்றேன்’ என்று தைத் திகதி போட்டு எழுதி வாங்குவார். பொலிஸ் அந்தத் தெரிந்தவரைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் கதைத்தால் கதை உடைந்துவிடும். அப்புறம் 394உடன் பொய்ச் சான்று புனைந்த குற்றமும் சேரும், துண்டு எழுதிக் கொடுத்தவரும் சந்தேகநபராவார். எழுத்து இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள். அதற்குப் பதிலாக உண்மையில் இருப்பதைத் தேடுங்கள்: விற்றவரின் இலக்கத்துக்குப் போன அழைப்புப் பதிவு, வட்ஸ்அப் செய்தி, அன்று மெசினைப் படம் எடுத்திருந்தால் அந்தப் படம், பிஸ்டன் வாங்கிய கடைத் துண்டு, அவர் வந்தபோது கொட்டிலில் நின்றவர்கள். வேலை செய்யாத தொலைபேசி இலக்கமும் பெறுமதியானதுதான், அழித்துவிடாதீர்கள். யார் பெயரில் அது பதிவாகியிருந்தது என்று பொலிஸால் தேட முடியும்.

விலையையும் கேட்பார்கள். சிலிண்டர் பிடித்த மெசினுக்கு 22,000 நியாயமான விலை என்று நீங்கள் காட்டலாம், அது உங்களுக்குச் சாதகம். நன்றாக ஓடுகிற மெசினை அந்த விலைக்கு வாங்கியிருந்தால் நான் இவ்வளவு தைரியமாக எழுதமாட்டேன். அதனால் பழுதான பழைய பிஸ்டனையும் சிலிண்டரையும் இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். அவைதான் உங்கள் சாட்சி.

நான் பயப்படுகிற இரண்டாவது வேலை, களவு கொடுத்தவரின் வீட்டுக்குத் தனியாகப் போய் ‘அண்ணை, முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கோ’ என்று கெஞ்சுவது. நீங்கள் கெஞ்சியதை ‘என்னை வெருட்டினார்’ என்று அவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? சாட்சியில் தலையிடுவார் என்பது 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தின் கீழ் பிணை மறுக்க ஒரு காரணம். அவர் சமாதானமானாலும் பொலிஸ் வழக்கு தானாக முடியாது. கதைக்க வேண்டியிருந்தால் சட்டத்தரணி மூலம் கதையுங்கள்.

வாங்கியவரின் காசைத் திருப்பிக் கொடுங்கள். இதில் வழக்காட இடமே இல்லை. பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கிக்கொள்ளப்படும் நிபந்தனை. உரிமையாளர் அல்லாதவர் விற்றால் வாங்கியவருக்கு உரித்து (பொருளின் சொந்த உரிமை) போகாது. உங்களுக்கு விற்றவருக்கும் அது இருக்கவில்லை, உங்களுக்கும் வரவில்லை, நெடுங்கேணிக்காரருக்கும் போகவில்லை. மெசின் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் உரியவரிடம் போய்ச்சேரும். நீங்கள் நூறு வீதம் அப்பாவி என்றாலும் 68,000 ரூபா உங்கள் கடன்தான். ஒரேயடியாக முடியாவிட்டால் மூன்று தவணையில் கொடுங்கள். அவர் மத்தியஸ்த சபைக்குப் போனாலும் இதைத்தான் சொல்வார்கள், நீதிமன்றம் போனால் செலவும் சேரும்.

காசைத் திருப்பிக் கொடுக்கும்போது எழுதும் வாசகத்தில் கவனம். ‘களவு மெசினை விற்றதற்காக’ என்று எழுதிக் கையெழுத்து வைத்த ஒருவருக்கு அந்தத் துண்டே வழக்கில் ஒப்புதல்போல வந்து நின்றது. ‘விற்ற பொருளின் உரித்தில் பிணக்கு எழுந்திருப்பதால், பொறுப்பை ஏற்றுக்கொள்ளாமல், விலையைத் திருப்பிச் செலுத்துகிறேன்’ என்று எழுதி, சமாதான நீதவான் முன்னால் இருவரும் ஒப்பமிடுங்கள். காசு கிடைத்தால் முகநூல் பதிவும் நீங்கும். மானநட்டம் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் கேளுங்கள், கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பிஸ்டன், பார், செயின் காசு? மற்றவர் பொருளை நல்லெண்ணத்தோடு மேம்படுத்தியவர் இழப்பீடு கேட்கலாம் என்ற கொள்கை ரோமன் டச்சுச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 394 தலைக்கு மேல் தொங்கும்போது ‘நல்லெண்ணம்’ என்று சொல்லி உரிமையாளரிடம் காசு கேட்பது புத்திசாலித்தனமல்ல. உதிரிப்பாகத்துக்குப் போனது போனதுதான்.

உங்கள் கொட்டிலில் இன்னும் சில மெசின்கள் கிடக்கின்றன, சிலதில் ஒன்றின் எஞ்சினை மற்றதன் உடலில் மாற்றிப் போட்டிருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டை ஒன்றாக்கும் வேலை வன்னியில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் இலக்கம் உடலில் இருக்கிறது. 2019இல் செயின் சோ வைத்திருப்பவர்கள் அதைப் பொலிஸில் பதிய வேண்டும் என்று வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பதிவில் உள்ள இலக்கமும் நீங்கள் விற்கும் மெசினும் பொருந்தாவிட்டால், முதிரை மரம் வெட்டினார் என்று யாரையாவது வன இலாகா பிடிக்கிற நாளில் விசாரணை உங்கள் கொட்டிலுக்கும் வரும். வனச் சட்டத்தின் கீழ் குற்றம் நிரூபணமானால் வெட்டப் பயன்பட்ட கருவியும் பறிமுதல்தான். ஆகவே மெசின்களைப் பரீட்சித்துப் பார்க்கவோ இரவலாகவோ மற்றவர்களுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

அந்த மெசின்களை இப்போது விற்கவோ, இடம் மாற்றவோ, மச்சான் வீட்டில் ஒளிக்கவோ வேண்டாம். ஒவ்வொன்றையும் இலக்கம் தெரியப் படம் எடுத்து, யாரிடம் எப்போது என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று நினைவிருக்கிறதை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி, இன்றைய திகதியைப் போட்டு வையுங்கள். அந்தக் கொப்பியோடு சட்டத்தரணியைச் சந்தித்த பிறகு வாக்குமூலத்துக்குப் போங்கள். பொலிஸ் சொன்ன நாளைத் தவறவிட வேண்டாம், நாள் போதாவிட்டால் முதலே போய் வேறு நாள் கேளுங்கள்.