கொடுங்கையூர் ஃபிளாட்டுக்கு நாளைக்கே டோக்கன் போடலாமா?

கேள்வி: பெரம்பூரில் ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இரண்டாவது வீடு தேடி எட்டு மாதமாகிறது, ஒன்றும் அமையவில்லை. இப்போது கொடுங்கையூரில் ஒரு பழைய ஃபிளாட், 55 லட்சம். “நாளைக்குள் டோக்கன் போடாவிட்டால் வேறு பார்ட்டிக்குப் போய்விடும்” என்கிறார் புரோக்கர். போட்டுவிடவா?

பதில்: வேண்டாம், முதலில் கணக்கு. பழைய வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. முழு விலைக்கும் பத்திரம் போட்டால் 4.95 லட்சம். ஆக அடக்கம் 60 லட்சம், கமிஷன் தனி. வாடகை 14,000 என்று வைத்துக்கொள்வோம். ஆளில்லாத ஒரு மாதம் போக வருடத்துக்கு 1,54,000. மெயின்டனன்ஸ், சொத்துவரி, பெயின்ட், மோட்டார் ரிப்பேர் என்று 39,000 கழித்தால் கையில் நிற்பது 1,15,000. இரண்டு சதவீதம்கூடத் தேறவில்லை. நிலமதிப்பு ஏறும் என்றால், பத்திரத்தில் யூடிஎஸ் (நிலத்தில் அந்த ஃபிளாட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு) எத்தனை சதுர அடி என்று பாருங்கள், ஏறுவது அதற்குத்தான்.

இதையே திருப்பிப் போடுங்கள். நிகரமாக 2.5% வந்தால் போதும் என்றால் அடக்கம் 46 லட்சத்தைத் தாண்டக்கூடாது. பேச வேண்டிய விலை 42 லட்சத்துச் சொச்சம். அவர் இறங்காவிட்டால் அடுத்த வீடு.

மழைக்காகவும் காத்திருக்கலாம். வியாசர்பாடி, கொடுங்கையூர், புளியந்தோப்பில் ஏப்ரலில் பார்க்கும் தெரு நவம்பரில் வேறு தெரு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டிலும் மூலைக்கடையிலும் கேளுங்கள். விற்பவர் சொல்ல மாட்டார். மாடிப்படிக்குக் கீழே இபி மீட்டரைப் பிடுங்கி மேலே மாட்டிய தடம் இருக்கிறதா, சுவரின் அடியில் இரண்டடிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடி தெருமட்டத்துக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு மழைக்கும் சாக்கடை உள்ளே இறங்கும். அப்புறம் எந்த வாடகைதாரரும் நிலைக்க மாட்டார்.

திருவொற்றியூர் பக்கம் தேடினால் அடிமனை விஷயத்தில் உஷார். நிலம் கோயிலுடையது, கட்டடம் மட்டும் விற்பவருடையது என்ற வீடுகள் உண்டு. வில்லங்கச் சான்றிதழை மட்டும் பார்த்தால் இது பிடிபடாமல் போகலாம். தாய்ப்பத்திரத்தையும் டவுன் சர்வே பதிவேட்டையும் வக்கீல் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

விலை படிந்தாலும் டோக்கன் சிறு தொகையாகவே இருக்கட்டும், ரொக்கமாக வேண்டாம். “வக்கீல் கருத்து பாதகமாக வந்தாலோ, வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்” என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதற்கு மறுப்பவரிடம் அட்வான்ஸ் வரை போகவே வேண்டாம். லோன் சாங்ஷன் லெட்டர் காலாவதியாகிறதே என்று பதற வேண்டியதில்லை, மறுபடி விண்ணப்பித்துக்கொள்ளலாம்.