பாய்ப் பை தைக்கும் பிள்ளைக்கு நீங்கள் செய்ய வேண்டியது

வணக்கம் அம்மா.

போன வாரம் பேசும்போது நடுவில் அழுதுவிட்டீர்கள். அன்றைக்கு நான் சொன்ன எதுவும் உங்கள் காதில் ஏறியிருக்காது. அதனால் நிதானமாக எழுதுகிறேன், இரண்டு தடவை படித்துப் பாருங்கள்.

பதினொன்றாம் வகுப்பு காமர்ஸ் குரூப் படிக்கிற உங்கள் பிள்ளை, கோரைப் பாய் நெய்யும் பத்தமடையில் பாய்த் துண்டு வாங்கி வந்து, லைனிங் வைத்து, ஜிப் வைத்துப் பை தைத்து இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். கூட ஒரு சிநேகிதியும் சேர்ந்திருக்கிறாள். நீங்கள் பீடி சுற்றி, அவளாவது நாலெழுத்துப் படித்து வேலைக்குப் போகட்டும் என்று நினைத்தீர்கள். அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். நிறுத்தச் சொல்லவா என்று கேட்டீர்கள்.

நிறுத்தச் சொல்ல வேண்டாம். அதே சமயம், அவள் தொழிலை நீங்களோ அவள் அப்பாவோ கையில் எடுத்து நடத்தவும் வேண்டாம். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய பயம். தடுத்த பெற்றோரைவிட, ஆசையோடு உள்ளே புகுந்து கெடுத்த பெற்றோரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நாங்குநேரி பக்கம் ஒரு பையன். பத்தாம் வகுப்பு லீவில் இருபது நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி வளர்க்க ஆரம்பித்தான். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், தவறினால் வெள்ளைக்கழிச்சல் வந்து மொத்தமும் போய்விடும் என்றெல்லாம் கால்நடை மருந்தகத்தில் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தான். அவன் அப்பாவுக்கு ஒரே பெருமை. வட்டிக்குப் பணம் வாங்கி இருநூறு குஞ்சு இறக்கிவிட்டார். இருபதுக்குப் போட்ட கூண்டில் இருநூறு எப்படி நிற்கும்? மருந்தும் நேரத்துக்குப் போடவில்லை. ஒரே வாரத்தில் கொத்துக் கொத்தாகச் செத்தது. அப்பாவும் மகனும் அதற்கப்புறம் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் என்னிடம் முதலில் யோசனை கேட்டபோது, "நல்ல விஷயம், செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எவ்வளவு முதல், யார் பணம் என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கேட்கிறேன்.

முதல் எவ்வளவு என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். போனால் போகட்டும் என்று உங்கள் வீடு தாங்கக்கூடிய ஒரு தொகை. அது 3,000 ஆக இருக்கலாம், 5,000 ஆக இருக்கலாம். அதற்கு மேல் அவள் சம்பாதித்த லாபத்தில் இருந்துதான் போட வேண்டும். நகையை அடகு வைக்காதீர்கள். மகளிர் குழுக் கடனை இதில் திருப்பிவிடாதீர்கள். மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்கும் பிரதமரின் வேலைவாய்ப்புத் திட்டக் கடனுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். அவளுக்கு 16. கடனைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம்.

அடுத்தது கணக்கு. இதில் அவளுக்கு என்னைவிட நல்ல வாத்தியார் நீங்கள்தான். கம்பெனி கொடுக்கிற இலை பத்தாமல் கடையில் இலை வாங்கிப் போட்டால் ஆயிரம் பீடிக்கான கூலியில் எவ்வளவு குறையும், கழிவில் எவ்வளவு போகும் என்று உங்களுக்கு மனக்கணக்காகவே வரும். அந்தக் கணக்கை அவள் பைக்குப் போடச் சொல்லுங்கள்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பாய்த் துண்டு 60 ரூபாய், லைனிங் துணி 20, ஜிப்பும் நூலும் 12. மொத்தம் 92. பையை 150 ரூபாய்க்கு விற்கிறாள். கையில் 58 நிற்கிறது என்று துள்ளிக் குதிப்பாள். பத்துப் பையில் ஒன்று ஊசி பட்டுக் கோரை கிழிந்து வீணானால், மீதி ஒன்பதின் தலையில் பைக்குப் பத்து ரூபாய் ஏறும். பார்சல் கவர் 8. பத்தமடைக்குப் போய்வந்த பஸ் காசைப் பிரித்தால் பைக்கு 5. இப்போது மிச்சம் 35. இதே பையைத் தெருவில் ஒரு தையல்கார அக்காவிடம் கொடுத்தால் 30 ரூபாய் கூலி கேட்பார். ஆக, உண்மையான லாபம் 5 ரூபாய், மீதி 30 அவளுடைய கூலி. இதைக் கண்டுபிடித்தால் அவள் சோர்ந்துவிடுவாள் என்று பயப்படாதீர்கள். விலையை 190 வைக்கலாமா, பையின் அளவை மாற்றி வெட்டுத்துண்டு வீணாகாமல் பார்க்கலாமா, லைனிங்கை மொத்த விலையில் வாங்கலாமா என்று யோசிக்க ஆரம்பிப்பாள். அவள் கற்க வேண்டியது அதைத்தான்.

வாரத்தில் ஒருநாள், ஞாயிறு சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அரைமணி நேரம் நோட்டோடு அவளை உட்கார வையுங்கள். நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள். எத்தனை பை தைத்தாய், எத்தனை விற்றது, யாரிடம் காசு நிற்கிறது, கையில் சரக்கு எவ்வளவு இருக்கிறது. பதில் தெரியாமல் அவள் முழித்தாலும் நீங்கள் விடையைச் சொல்லாதீர்கள், அடுத்த வாரம் வரட்டும். இது கஷ்டம்தான். பிள்ளை தவறாகக் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி இருப்பது பெற்ற மனதுக்கு லேசில்லை.

சட்டத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 முடியாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. அதனால் பெரிய ஆர்டர், கடை வாடகை என்று எதில் கையெழுத்து வேண்டுமென்றாலும் அது உங்கள் பெயரில்தான் வரும். உங்கள் பெயரில் வந்தால் பொறுப்பும் உங்களுடையது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், பிள்ளை கேட்கிறாளே என்றுகூட. சிநேகிதியோடு சேர்ந்து செய்வதற்கும் இதே கதைதான். 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம், ஏற்கெனவே இருக்கும் ஒரு கூட்டில் மைனரை லாபத்துக்கு மட்டும் சேர்த்துக்கொள்ள விடுகிறது. இரண்டு மைனர்கள் தாங்களாகக் கூட்டு ஆரம்பிக்க முடியாது. இருந்தாலும் யார் எவ்வளவு போட்டார்கள், யார் என்ன வேலை, லாபத்தை எப்படிப் பிரிப்பது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு வீட்டு அம்மாக்களும் பார்த்துவிடுங்கள். பதினாறு வயதில் நட்பு முறிவது காசு நஷ்டத்தைவிட அதிகம் வலிக்கும்.

இப்போது பணமெல்லாம் உங்கள் ஜிபே நம்பருக்கு வந்து மளிகைக் கடைக்குப் போய்விடுகிறது என்றீர்கள். அதை முதலில் மாற்ற வேண்டும். 10 வயது முடிந்த பிள்ளைகள் தாங்களே இயக்கும்படி சேமிப்புக் கணக்கு திறக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, வங்கி ஒரு வரம்பு வைக்கும், அவ்வளவுதான். ஜிஎஸ்டி பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். நம் மாநிலத்துக்குள் சரக்கு விற்பவருக்கு ஆண்டு வியாபாரம் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. வெளிமாநில ஆர்டரோ, பெரிய ஆன்லைன் கடைகளில் விற்கும் யோசனையோ வந்தால் விதி மாறும், அப்போது ஒரு ஆடிட்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

அவளிடம் நான் நேரில் பேச நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அதாவது அந்த ஊர்ப் பெயரை அந்த ஊர்ப் பாய்க்கு மட்டும் சொல்லலாம் என்ற சட்டப் பதிவு. கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, நூல் மாதிரி கிழித்து, பெண் மாப்பிள்ளை பெயரையே பாயில் நெய்து கொடுக்கும் ஊர் அது. வெளியூரில் மிஷினில் நெய்த பாய் விலை குறைவாகக் கிடைக்கும். அதில் தைத்துவிட்டுப் பத்தமடை என்று பெயர் போட்டால் அது பொய், சட்டப்படியும் தப்பு. பத்தமடை நெசவுக்காரப் பெண்களிடம் வாங்கினால் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லட்டும். அவர்களிடம் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசவும் வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கைவேலையின் கூலி என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

சரி, படிப்பு. நீங்கள் அழுததே இதற்குத்தான். இந்த வருடம் பெரிய ஆபத்தில்லை. ஒருநாளைக்கு ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் மிஷினில் உட்காரக் கூடாது, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு மிஷினை மூடிவிட வேண்டும். இதை அவளே எழுதி ஒப்புக்கொள்ளட்டும். சிக்கல் அடுத்த வருடம்தான். தாம்பூலப் பை ஆர்டர் கேட்டு இரண்டு பேர் வந்ததாகச் சொன்னீர்களே, அதில் கவனம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, தை பிறந்ததும் வரிசையாக வரும். தைக் கல்யாணத்துக்கு இருநூறு பை என்றால் கார்த்திகை, மார்கழியில் ராப்பகலாகத் தைக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் அதே சமயத்தில்தான் அரையாண்டும் அதைத் தொடர்ந்து திருப்புதல் தேர்வுகளும் வரும், மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆகவே அடுத்த வருடம் ஐப்பசிக்கு அப்புறம் புது ஆர்டர் கிடையாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். இன்ஸ்டாகிராமில், "தேர்வு முடிந்து ஏப்ரலில் சந்திப்போம்" என்று போட்டால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மொத்த ஆர்டர் எப்போது எடுத்தாலும் பாதிப் பணம் முன்பணம். சொந்தக்காரர் என்றாலும்.

வழிகாட்ட யாரைப் பிடிப்பது என்று கேட்டீர்கள். மேடையில் கைதட்டல் வாங்கும் பேச்சாளர் வேண்டாம். உங்கள் ஊரில் பத்து வருடமாகக் கடை நடத்தி, ஒருமுறையாவது நஷ்டப்பட்டு எழுந்த ஒருவர் போதும், பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. மாதம் ஒருமுறை அவர் கடையில் ஒருமணி நேரம் அவள் நின்று பார்க்கட்டும். சரக்கு எடுப்பது, கடன் கேட்பவரிடம் முகம் கோணாமல் இல்லை என்று சொல்வது, ரிட்டர்ன் வந்தால் சமாளிப்பது, இதெல்லாம் அங்கேதான் தெரியும். அரசுப் பள்ளியில் படிப்பதால் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றி வகுப்பு ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து தங்கள் யோசனையை வளர்க்க அதில் ஒரு ஆசிரியர் கூட நிற்பார்.

மேற்படிப்பைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டையிலேயே பி.காம் படிக்கலாம். வடிவமைப்பில் மனம் போனால் சென்னையில் நிஃப்ட் என்ற மத்திய அரசின் ஆடை வடிவமைப்புக் கல்லூரி இருக்கிறது, அதன் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்குப் பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். ஒருவேளை ஆறு மாதத்தில் அவளுக்கே பை அலுத்துப் போகலாம். அப்படி நடந்தால், "அன்றைக்கே சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அம்மா. மிச்சச் சரக்கை விற்று, சிநேகிதிக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து, கணக்கை ஒழுங்காக முடித்து வைக்க உதவுங்கள்.

வருகிற சனிக்கிழமை அவளை என்னிடம் அழைத்து வாருங்கள். கணக்கு நோட்டும், அவள் தைத்ததிலேயே சரியாக வராத ஒரு பையும் கொண்டு வரச் சொல்லுங்கள். அது எங்கே கிழிந்தது என்பதிலிருந்து பேச்சை ஆரம்பிக்கிறேன்.