சாமியாரிடம் பாவத்தைச் சொன்னால் கணக்கு தீர்ந்துவிடுமா?

"வாரம் முழுக்கத் தப்பு செய்துவிட்டு, சாமியாரிடம் போய்ச் சொன்னால் எல்லாம் போய்விடுமா? அவர் அதை வெளியே சொல்லிவிட மாட்டாரா?" என்று கத்தோலிக்கர்களின் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி, அதாவது குருவிடம் (சாமியாரிடம்) பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதைப் பற்றி, கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சொல்ல மாட்டார். கொலையே செய்தேன் என்று ஒருவர் சொன்னாலும் குரு போலீசிடம் போகக்கூடாது. சரணடையும்படி புத்தி சொல்லலாம், அவ்வளவுதான். மீறி நேரடியாகக் காட்டிக்கொடுத்தால், யாரும் தீர்ப்பு சொல்லாமலே அந்தக் குரு சபை விலக்குக்கு, அதாவது திருச்சபையிலிருந்து விலக்கி வைக்கப்படும் தண்டனைக்கு, ஆளாகிறார். அந்தத் தண்டனையை நீக்க ரோம் வரை போக வேண்டும்.

இனி முதல் கேள்வி. நான் புதுச்சேரிக்காரன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் மிஷன் வீதி சம்பா கோவிலிலும், ரயில் நிலையத்துக்குப் பக்கத்து இருதய ஆண்டவர் கோவிலிலும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆட்கள் காத்திருப்பார்கள். பார்ப்பவர்களுக்கு ஏதோ வருடாந்திரச் சடங்கு மாதிரி இருக்கும். சிலருக்கு அப்படித்தான் என்பதையும் மறுக்கவில்லை.

ஆனால் ஞாயிறு மறைக்கல்வியில் நாங்கள் உருப்போட்டது ஐந்து விஷயம்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது (செய்ததற்காக மனம் வருந்துவது), இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது, குருவிடம் சொல்வது, அவர் பரிகாரமாகத் தரும் அபராதத்தைத் தீர்ப்பது. சொல்வது நாலாவதாகத்தான் வருகிறது. மனஸ்தாபமே இல்லாமல், அடுத்த வாரமும் செய்வேன் என்ற திட்டத்தோடு மண்டியிட்டால் குரு மன்னிப்பு வழங்கினாலும் செல்லாது. மனப்பூர்வமாக வருந்தியும் பலவீனத்தில் மறுபடி விழுபவர் கதை வேறு. அவர் நூறு தடவையும் வரலாம்.

அபராதம் பெரும்பாலும் மூன்று 'அருள் நிறை மரியே' ஜெபம் என்று லேசாக முடிந்துவிடும். "இவ்வளவுதானா?" என்று வெளியே கிண்டல் செய்வார்கள். உண்மையில் கஷ்டமானது அதன் பக்கத்திலேயே நிற்கிறது: ஈடு செய்தல். சீட்டுப் பணத்தை அமுக்கியவர் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். பேரைச் சொல்லாமல் தரலாம், தராமல் இருக்க முடியாது. ஒருத்தரைப் பற்றிப் பொய் பரப்பியிருந்தால் கெட்ட பேரை முடிந்தவரை மாற்ற வேண்டும். இது பணத்தைவிடக் கடினம் என்பேன்.

நேரே கடவுளிடமே கேட்கலாமே என்பீர்கள். தாராளமாக, அற்பப் பாவங்களுக்கு (சிறிய குற்றங்களுக்கு) அது போதும். சாவான பாவத்துக்குத்தான் (தெரிந்தே, மனதாரச் செய்த பெரிய பாவத்துக்கு) குருவிடம் போவது கட்டாயம், குறைந்தது வருடம் ஒரு முறை. 1215-இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் (ஆயர்களின் பொதுக்கூட்டம்) வகுத்த விதி அது. யோவான் 20:23-இல் பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை இயேசு சீடர்களுக்குக் கொடுத்தார் என்பதுதான் இதற்கு ஆதாரம்.

அப்புறம், போனிலோ வாட்ஸ்அப்பிலோ சொன்னால் செல்லாது. நேரில்தான் போக வேண்டும்.