கோயில் மணியும் வாட்ஸ்அப்பும்: எல்லைப்புறச் சபைகளின் கேள்விகளுக்குப் பதில்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் சவுண்ட் செட் வைத்திருந்த அப்பாவுக்கு ஒயர் சுருட்டிக் கொடுத்தே தொழில் கற்றேன். இப்போது மைக், கேமரா, இணையம் என்று எல்லைக்கு இருபக்கமும் உள்ள கிறிஸ்தவச் சபைகளுக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை வந்தவை எல்லாம் கேரளத்துத் தமிழ்ச் சபைகளின் கேள்விகள்.

ஞாயிறு ஆராதனையை யூடியூபில் நேரலையாகப் போடுகிறோம். பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே படம் நின்றுவிடுகிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா? (சபைச் செயலர், மூணாறு அருகே ஒரு எஸ்டேட்)

ஆகாது. கேமராவை விடுங்கள், டேட்டாவைக் கணக்குப் பாருங்கள். 720பி தரத்தில் வினாடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி செலவாகும். உங்கள் ஆராதனை இரண்டு மணி நேரம், ஆக 3.6 ஜிபி. யாரோ ஒரு வாலிபத் தம்பியின் தினசரி 2 ஜிபி பேக்கை நம்பி ஓட்டினால் ஒரு மணி நேரம் ஏழு நிமிடத்தில் தீரும். அய்யர், அதாவது போதகர், பிரசங்க பீடத்தில் ஏறி வசனம் வாசித்து முடித்திருப்பார். நியாயமாக, சாத்தான் மேல் பழி போட இதில் இடமே இல்லை.

480பி தரத்துக்கு இறக்கி வினாடிக்கு 1 மெகாபிட் வையுங்கள். முழு ஆராதனையும் 1 ஜிபிக்குள் முடியும். படம் கொஞ்சம் மங்கினாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கலங்கினால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே கேமராவுக்கு எடுத்துவைத்த பணத்தில் மிக்சரிலிருந்து போனுக்கு ஒயர் இழுக்க ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். போனில் உள்ள மைக்கை நம்பினால் கோயிலின் எதிரொலியும் மின்விசிறியும்தான் கேட்கும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. பார்ப்பது யார்? முழங்கால் போய் எஸ்டேட் லயத்து வீட்டிலேயே கிடக்கும் பாட்டி, கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள். இவர்களுக்கு நேரலையே தேவையில்லை. 20 நிமிடப் பிரசங்கத்தை 32 கிலோபிட் ஒலிக்கோப்பாகப் பதிந்தால் 5 எம்பிக்குள் அடங்கும். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று இறக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பாட்டிக்குப் போட்டுக் காட்டலாம்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. மின்சாரமும் டவரும் இல்லாததால் செய்தி வெளியே வர விடிந்துவிட்டது. வாட்ஸ்அப் வந்துவிட்டதென்று கோயில் மணியின் கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள்.

எங்கள் பிள்ளைகள் மலையாளம் மீடியத்தில் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், பாடுவார்கள், வாசிக்கத் தெரியாது. திரையில் பாடலைப் போட்டாலும் வாயை அசைக்கிறார்கள். (ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, பாறசாலை)

1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைக்கோட்டைப் போட்டார்கள். பாமாலையும் கீர்த்தனையும் கோட்டுக்கு இருபக்கமும் இருந்துவிட்டன, எழுத்து மட்டும் பிரிந்துவிட்டது. உங்கள் பிரச்சினைக்கு வழி உண்டு. தமிழ்ப் பாடலை மலையாள எழுத்தில் போடுங்கள். மொழிபெயர்ப்பு வேண்டாம், எழுத்து மாற்றம் போதும். ‘அக்ஷரமுகா’ என்ற இலவசக் கருவி ஒரு நொடியில் மாற்றித் தரும்.

ஆனால் அதை அப்படியே திரையில் ஏற்றினால் சிரிப்பாகிவிடும். தமிழில் ஒரே ‘க’தான், இடம் பார்த்து நாமே மென்மையாகவோ அழுத்தமாகவோ சொல்லிக்கொள்கிறோம். மலையாளத்தில் அதற்கு நான்கு எழுத்து. கருவி ‘தேவன்’ என்பதில் உள்ள ‘த’வைத் ‘தண்ணீர்’ என்பதன் ‘த’வாகவே போட்டுவிடும். பிள்ளைகள் தேவனைத் தேனைப் போல அழுத்திப் பாடுவார்கள். இரண்டு எழுத்தும் தெரிந்த ஒரு பெரியவரை உட்காரவைத்து ஒவ்வொரு பாட்டையும் ஒருமுறை திருத்தினால் போதும், காலத்துக்கும் உதவும். சபையின் பழைய தலைமுறைக்கு இப்படி ஒரு வேலை கொடுப்பதே பெரிய காரியம் என்பேன்.

திரையில் காட்ட ‘ஓபன்எல்பி’ இலவசம், ஒரே பாட்டை இரண்டு எழுத்திலும் வரிக்கு வரி அடுக்கலாம். பழைய டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் திரையில் பாம்பும் பல்லியுமாகத் தெரியும்.

கீர்த்தனை பாடி ஏற்றினோம். பதிப்புரிமை என்று யூடியூபில் அறிவிப்பு வந்துவிட்டது. வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டுக்கு யார் சொந்தக்காரர்? (கொயர் தலைவர், வண்டிப்பெரியாறு)

யாருமில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்தவர். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரைதான் உரிமை. ஆனால் நீங்கள் பின்னணிக்கு எந்த டிராக்கைப் போட்டீர்கள்? அதைப் பதிவு செய்தவருக்கு அந்த ஒலிப்பதிவில் உரிமை உண்டு, பாட்டு எவ்வளவு பழையதானாலும். ஆராதனையில் பாடுவதற்குச் சட்டமே விலக்கு தருகிறது. அதைப் பதிந்து ஏற்றிவைப்பதற்கும் அது பொருந்தும் என்று நம்பிக்கொண்டிராதீர்கள்.

உங்களுக்கு வந்தது ‘கிளெய்ம்’ (உரிமை கோரல்) ஆக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, விளம்பரக் காசு அவர்களுக்குப் போகும் அல்லது சத்தம் அடைபடும். ‘ஸ்ட்ரைக்’ வேறு, அது உரிமையாளர் வீடியோவையே நீக்கச் சொல்வதால் வரும் எச்சரிக்கை. 90 நாளில் மூன்று வந்தால் சேனலே போய்விடும். உங்கள் ஆர்கன், உங்கள் குரல், பழைய கீர்த்தனை என்றால் தைரியமாக மறுப்புப் போடுங்கள். யூடியூபின் தானியங்கிக் கருவிக்கு ராகம் ஒத்திருந்தாலே சந்தேகம் வந்துவிடுகிறது.

சேனல் தொடங்கிய அண்ணன் கல்ஃபுக்குப் போய்விட்டார். பாஸ்வேர்டும் அவரோடு. (வாலிபர் சங்கம், நெய்யாற்றின்கரை)

இதே கேள்வி மாதம் ஒன்று வருகிறது. அண்ணனிடம் சண்டை போடாமல், அங்கிருந்தபடியே ஸ்டூடியோ அமைப்பில் சபைக்கென்று தனியாகத் தொடங்கிய மின்னஞ்சலுக்கு அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள். இருவர் பொறுப்பில் வையுங்கள். ஓடிபி வருகிற எண் சபையின் எண்ணாக இருக்கட்டும்.

காணிக்கைக்குக் கியூஆர் வைக்கலாமா? வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் தவறா? (பொருளாளர், பாலக்காடு மாவட்டம்)

வைக்கலாம். ஸ்கேன் செய்ததும் சபையின் பெயர் வர வேண்டும், உங்கள் பெயர் வரக் கூடாது. ஒட்டியிருக்கும் தாளை வாரம் ஒருமுறை நீங்களே ஸ்கேன் செய்து பாருங்கள், மேலே வேறு தாள் ஒட்டும் கை உண்டு.

துபாயில் உழைக்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அவருடைய மகன் அங்கே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் 2010-ஆம் ஆண்டு எஃப்சிஆர்ஏ சட்டத்துக்குள் வரும். பதிவு இல்லாத சபை அதைத் தொடவே கூடாது. ‘சொந்தப் பையன்தானே’ என்று வாங்கிவைக்காதீர்கள்.

எங்கள் ஜெபக் குழுவில் 600 பேர். நல்ல ஊழியம் நடக்கிறது. இன்னும் பெரிதாக்க என்ன செய்யலாம்? (பெண்கள் சங்கம், கொழிஞ்சாம்பாறை)

பெரிதாக்க வேண்டாம். நீங்கள் அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். ஒரு தங்கையின் பெயர், அவளுடைய கர்ப்பப்பை நோய், எந்த வார்டு, எல்லாம் இருந்தது. ஜெபிக்கத்தான் போட்டீர்கள். ஆனால் 600 பேரில் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் சொந்தக்காரரும் இருக்கலாம். பெயர் சொல்லாமல் ‘ஒரு சகோதரிக்காக’ என்றாலும் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பீர்கள். தெரியட்டும், பெயர் எழுத்தில் நிற்காது, ஃபார்வர்டும் ஆகாது.

என் யோசனை: ஜெபத்துக்கு ஐந்தாறு பேர் கொண்ட சின்னக் குழு. அவர்களுக்கும் நோயாளியைக் கேட்டுவிட்டே சொல்ல வேண்டும். சபை அறிவிப்புகளுக்கு வாட்ஸ்அப் சேனல். குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு முன்பின் அறியாதவர்கள் ‘ஹாய்’ அனுப்புவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. சேனலில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது.

விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) படங்களும் அப்படியே. பெற்றோரிடம் கையெழுத்து வாங்காமல் பிள்ளை முகத்தைப் போடாதீர்கள். தனிநபர் தரவு குறித்த 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் கிடக்கட்டும், குடிகாரத் தகப்பனிடமிருந்து ஒளிந்து அம்மா வீட்டுக்கு வந்த பிள்ளை ஒன்று உங்கள் படத்தில் நின்றிருந்தால்?

புதியவர்களை அழைக்க ஃபேஸ்புக்கில் பணம் கட்டி விளம்பரம் செய்யலாமா? (உபதேசியார், திருவனந்தபுரம் புறநகர்)

கட்டுவதற்கு முன் கூகுள் மேப்பில் உங்கள் கோயிலைத் தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கோ ஆஸ்பத்திரித் துணைக்கோ வந்தவர் சனிக்கிழமை இரவில் ‘தமிழ் சர்ச்’ என்றுதான் தட்டுகிறார். அங்கே உங்கள் பெயர் மலையாளத்தில் மட்டும் இருந்தால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தமிழிலும் விவரம் எழுதுங்கள், ஆராதனை நேரத்தைப் போடுங்கள், பெரிய வெள்ளிக்கும் வருடக் கடைசி இரவுக்கும் நேரத்தை மாற்றுங்கள். வாசலின் படம் ஒன்று. எல்லாம் இலவசம்.

தொலைபேசி எண்ணையும் சரிபாருங்கள். உங்கள் கோயிலின் பெயரைப் போட்டு நானே தேடி அழைத்தேன். மூன்றாம் ரிங்கில் எடுத்தார், ஆராதனை காலை எட்டரைக்கு என்று அன்பாகச் சொன்னார். பேசியது உங்கள் பழைய போதகர். மாற்றலாகி இரண்டு சபை தாண்டிப் போய்விட்டாராம்.