சேலைக்கரையும் மாரிப் பூஞ்சணமும்

கேள்வி: இனிப் புது உடுப்பு வாங்குவதில்லை என்று இருக்கிறேன். மருதமுனைக் கைத்தறிச் சேலையின் கீழ்க்கரை தேய்ந்து நூல் விடுகிறது. கரும்புள்ளியும் விழுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, கல்முனை

பதில்: நல்ல முடிவு. குதியும் செருப்பும் உரசுவதால் கரைதான் முதலில் தேயும். உட்பக்கமாக 3 அங்குல அகலப் பருத்திப் பட்டை வைத்துத் தையுங்கள். பழைய சாரத்தில் வெட்டினால் மிக நல்லது. அது ஏற்கெனவே சுருங்கிய துணி. புதுத்துணி என்றால் ஓரிரவு தண்ணீரில் ஊறவிட்டு, காயவைத்து, அயன் பண்ணிய பிறகே தைக்கவேண்டும். இல்லாவிட்டால் முதல் கழுவலிலேயே பட்டை சுருங்கிச் சேலையையும் இழுத்துவிடும். கைத்தையலே போதும், நூலை இறுக்காதீர்கள்.

புள்ளி பூஞ்சணம். கஞ்சி போட்ட துணியில் மாரியில் சீக்கிரம் பிடிக்கும். நவம்பருக்கு முன்பே கஞ்சியை அலசி, ஈரமில்லாமல் காயவைத்து மடியுங்கள். நிறச்சேலைக்குப் பிளீச் வேண்டவே வேண்டாம்.